ஒரு சக்கரம் அந்தரத்தில்

தெருவில் பாதி வீட்டு வாசலில், தன் பட்டறையில் அவள் பற்றவைத்த இரும்பு கேட்தான் நின்றது. அதனால் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் கேட்டக்கா. பிள்ளைகள் ஏறித் தொங்கி ஊஞ்சலாடினாலும் அவள் செய்த கேட்டின் மூலைமட்டம் ஒரு நூல் பிசகாது. ஆடாமல் நிற்க வேண்டும், அதுதான் அவளுக்கு வேலை.

மலைமேல் தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் இருந்த அவளுடைய அண்ணனுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. மழைக்கு முன்னால் ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், தள்ளிப்போட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் போன மழையில் காட்டாறு பாதையை அடித்துக்கொண்டு போனதிலிருந்து எந்த வண்டியும் மேலே ஏறவில்லை. நாலு பேர் கட்டிலில் வைத்துத் தூக்கி வருகிறோம் என்றதற்கு அண்ணன் ஃபோனிலேயே கத்தரித்துவிட்டார்.

"நாலு பேர் என்னைத் தூக்கறது ஒரே ஒரு தடவைதான். அதுக்கு இன்னும் நாள் இருக்கு பாப்பா. நானா ஏறி, நானா இறங்குற மாதிரி ஒரு வண்டி வந்தா வரேன்."

அவள் ஃபோனை வைத்துவிட்டுப் பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். "வண்டி நாமளே பண்ணிடலாங்க" என்றாள். கேட்டுகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த கணவர் பிரஷைக் கீழே வைத்தார்.

"எதை வச்சு?"

"சேர்த்த பணம் ஆபரேஷனுக்கு. அதுல கை வைக்கக் கூடாது. சும்மா கிடைக்கிற இரும்பு மட்டும்தான்."

"ஓசி இரும்புல வண்டி ஓடும், சரி. நிக்குமா?"

"நிக்கிறதை நான் பாத்துக்கறேன். நீங்க பெயிண்டைப் பாருங்க."

முதலில் கிடைத்தது, ஒரு வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்து நின்ற டீசல் சரக்கு ஆட்டோ. இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்சக்கரங்களும் அதிலிருந்து வந்தன. ஊருக்குள் இடித்துப் போட்ட ஒரு தொட்டி ஸ்டாண்டின் இரும்புச் சட்டங்கள் அடிச்சட்டத்துக்கு ஆயின. பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு சின்ன லாரியின் முன் அச்சை ஸ்டியரிங்கோடு கொடுத்தார். இரும்பு எங்கே கிடந்தாலும் போய் ஒட்டிக்கொள்வதால் அவருக்குக் காந்தம் என்று பெயர்.

எதையும் எடுத்த பிறகு அந்த இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அவள் கிளம்புவாள். அந்தப் பேச்சு பரவி, எங்கள் வீட்டுக்கும் வாங்க என்று ஆட்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் சும்மா கிடைக்கிறது என்று அள்ளிக்கொண்டு வருகிறவள் அல்ல. சுத்தியலால் தட்டிப் பார்ப்பாள். செத்த சத்தம் வந்தால், உள்ளே விரிசல் என்று அங்கேயே விட்டுவிடுவாள். காந்தத்துக்கே ரோஷம் வந்துவிட்டது.

"சும்மா கொடுக்கறதுக்கு இவ்வளவு சோதனையா தங்கச்சி?"

"சும்மா வந்ததுன்னு பாதி வழியில ஒடையாம இருக்குமாண்ணே?"

அண்ணன் உட்கார, மூடிப்போன முடிவெட்டும் கடையிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. கைப்பிடியும் கால்மிதியும் வைத்தது. முழங்கால் மடக்காமல் ஏற அந்த மிதி தோதாக இருந்தது.

பாதை போனபின் மலைக்கு வழி வறண்டு கிடந்த அந்தக் காட்டாறுதான்; வண்டி தயாரானதும் அங்கே கொண்டுபோனார்கள். மணலில் நன்றாகவே போனது. முதல் பாறையில் முன்சக்கரம் ஏறியதும் வண்டி மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்தது. எதிர்மூலையில் பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கி வீணாகச் சுழன்றது. எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை.

கணவர் குனிந்து பார்த்தார். "நல்ல கேட்டும்மா இது. நாலு மூலையும் ஒரே மட்டம்."

கேலிதான். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவர் சொன்னது சரி. கை பழகிய பழக்கத்தில் மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் போட்டு, முன் அச்சையும் அசையாமல் இறுக்கிப் பற்றவைத்திருந்தாள். தரை மேடு பள்ளமாக இருக்கும்போது வண்டி மட்டும் மட்டமாக நின்று என்ன பயன்?

முன் அச்சு நடுவில் ஒரே முளையில் தொங்கி, தராசுத் தண்டு மாதிரி இரண்டு பக்கமும் ஆட வேண்டும். டிராக்டரில் அப்படித்தான் இருக்கும். காந்தத்திடம் அப்படி ஒரு முளை கேட்டாள், அவர் உதட்டைப் பிதுக்கினார். "கடையில புதுசு வாங்கித் தரட்டுமா?" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டாள். வானத்தின் ஒரு மூலை கறுக்க ஆரம்பித்திருந்தது.

மறுநாள் ஒரு கம்பியை நிமிர்த்த, பட்டறைக்கல்லாகப் போட்டிருந்த இரும்பு அடிகட்டையில் வைத்து அடித்தாள். இரண்டாவது அடிக்குக் கை நின்றது. அந்த அடிகட்டை, ஏதோ ஆலையின் பெரிய கேட்டைக் கழற்றியபோது சும்மா கிடைத்த கீல். மணிக்கட்டுத் தடிமனில் முளை, அதற்கேற்ற குழல். அத்தனை பெரிய கேட்டைத் தாங்கி ஆடியதை இத்தனை வருடமாக அவள் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடிபட்டுக் குடைபோல விரிந்திருந்த தலையை அரைத்து, முளையைக் குழலில் சுழலவிடப் பகல் முழுவதும் ஆயிற்று. பற்றவைத்ததை அறுத்து அச்சைப் பிரித்தாள். தான் போட்டதைத் தானே அறுப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கீலை நடுவில் வைத்து அச்சைத் தொங்கவிட்டாள். அளவுக்கு மீறிச் சாயாமலிருக்க, கேட் சுவரில் மோதாதபடி வைக்கும் தடுப்புக்கட்டையைப் போலவே பக்கத்துக்கு ஒன்று பற்றவைத்தாள்.

மறுபடி அதே பாறை. முன் அச்சு ஒரு பக்கம் தூக்கிக்கொடுத்தது. பின்சக்கரங்கள் இரண்டும் தரையைப் பிடித்துக்கொண்டன. "இப்பத்தான் கேட்டு திறந்திருக்கு" என்றார் கணவர். அப்போது சிரித்தாள்.

மழைக்கு முந்தி மலையேறினாள். அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"முடி வெட்டவா கூட்டிட்டுப் போறே?"

"உங்களுக்கு வெட்ட என்ன இருக்கு? ஏறுங்கண்ணே."

கைப்பிடியைப் பிடித்து, மிதியில் கால் வைத்து, அவரே ஏறினார். அவள் கை கொடுக்கவில்லை. ஆற்றின் நடுவில் வண்டி பாறைக்குப் பாறை ஆடி இறங்கியது. அண்ணன் எட்டி முன் அச்சையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தார்ரோட்டில் மச்சானுக்காகக் கணவர் கார் பிடித்து வைத்திருந்தார். அண்ணன் மெதுவாக மிதியில் கால் ஊன்றி இறங்கி, தடியோடு நடந்து காரில் உட்கார்ந்தார். ஜன்னலை இறக்கினார்.

"திரும்பி வரப்பவும் இதுலதானே?"

"இதுலதாண்ணே."

"அப்ப அந்தக் கைப்பிடியில துணி சுத்தி வை பாப்பா. வெயில்ல சுடுது."