தெரியும், எழுத மாட்டேன்

ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் ஜெர்மன் பாடத்துக்கு நான் எழுதிய மொத்த விடையும் இவ்வளவுதான்: ‘எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.’ தமிழில் எழுதினேன். கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடும் போட்டேன். மணி அடித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, விடைத்தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அழகான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை.

அப்போது நாங்கள் ஆவடியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. அம்மா அதே எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நைனாவின் அப்பா காலம் வரைக்கும் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அதனால், பூந்தமல்லி சாலையில் இருந்த ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு நான் டை கட்டிக்கொண்டு வேனில் போவதை நைனா தினமும் மாடியில் நின்று பார்ப்பார். வேன் திரும்பி மறைந்த பிறகுதான் அவர் சைக்கிளை எடுப்பார்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். பூந்தமல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வருடம் அவள் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள். ஜெர்மனியில் நர்ஸ்களுக்கு ஆள் தேவை, மொழிப் பரீட்சை பாஸ் செய்தால் போதும், கூட்டிப்போக ஏஜென்சி இருக்கிறது என்று பட்டறையில் யாரோ நைனாவிடம் சொன்னார்கள். நைனா விசாரித்தார், அம்மா சாமி கும்பிட்டாள், கொரட்டூரில் இருந்த மாமா வந்து பேசினார். சித்தி சரி என்றாள். மறு வாரமே வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பேசிப் பழக ஆள் வேண்டும். வீட்டில் வேலையில்லாத ஆள் நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கட்டிலில் ஜெர்மன் நோயாளியாகப் படுத்துக்கொள்வேன். சித்தி கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புக்குப் பதிலாகச் செல்போன் சார்ஜரைப் போட்டுக்கொண்டு வருவாள். “வோ ஹாபன் ஸீ ஷ்மெர்ட்சன்?” என்பாள். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுவேன். வயிற்றுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை ‘பௌஹ்’. கடைசி எழுத்தை அடித்தொண்டையில் கரகரவென்று இழுக்கவேண்டும். அந்த ஒரு ஓசைக்காகச் சித்தி ஒரு வாரம் போராடினாள்.

“இன்னாம்மா, தொண்ட கட்டிகிச்சா? கஷாயம் வெக்கச் சொல்லட்டா?” என்று நைனா உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தோம். ஓசை சித்திக்கு வருவதற்கு முன்னால் எனக்கு வந்துவிட்டது.

நான் அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். ஒரு ஞாயிறு, நான் கால் உடைந்த நோயாளியாகப் படுத்திருக்கும்போது ஏஜென்சிக்காரர் போன் செய்தார். நைனா ஸ்பீக்கரில் போட்டார்.

“பாஸ் பண்ணிட்டா எத்தினி வருசம் சார் அங்க?”

“மூணு வருஷம் ஒப்பந்தம் சார். அதுக்கப்புறம் யாரும் திரும்பி வரமாட்டாங்க. அங்கயே செட்டில் ஆயிடுவாங்க” என்றார் அவர், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. நைனாவும் அதை நல்ல செய்தியாகத்தான் கேட்டுக்கொண்டார். நான் கட்டிலிலிருந்து எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு நோயாளியாகப் படுக்கவே இல்லை. வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

அந்த வாரமே பள்ளியில் சுற்றறிக்கை வந்தது. ஆறு முதல் எட்டு வரை எல்லா மாணவர்களும் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயம் படிக்கவேண்டும், எங்கள் வகுப்புக்கு ஜெர்மன், தேர்ச்சி பெறாதவர்கள் மேல் வகுப்புக்கு அனுப்பப்பட மாட்டார்கள். அதற்கு நேரம் ஒதுக்குவதற்காகத் தமிழ் வகுப்பு வாரத்துக்கு ஆறிலிருந்து மூன்றாகக் குறைக்கப்படுகிறது. தமிழ் ஐயா மீதி மூன்று வகுப்பு நேரத்திலும் நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போட்டார்.

தமிழுக்காகப் பொங்கி எழுந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் தமிழில் எனக்கு அறுபதுக்குமேல் வந்ததே கிடையாது. என் கோபம் அந்தக் ‘கட்டாயம்’ என்ற சொல்லின்மேல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நைனாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பட்டறையில் இருந்த ஜெர்மன் மெஷினின் பெயர்ப்பலகையை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். “இத்த படி பாப்பா, இன்னா எய்தி கீதுன்னு சொல்லு.” நான் படிக்கவில்லை. தலைவலி என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நல்லா படிக்கட்டும், அப்புறம் கேட்டுக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னார்.

எங்கள் ஜெர்மன் மிஸ் சின்ன வயது. கொரட்டூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். எங்களைவிட இரண்டு பாடம்தான் முன்னால் இருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே வரிசையாகப் பெயர் கேட்டார். “வீ ஹைஸ்ட் டூ?” என் முறை வந்தபோது எழுந்து நின்றேன்.

“தமிழ்ல கேளுங்க மிஸ், சொல்றேன்.”

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். இன்னொரு நாள் உடல் உறுப்புகள் பாடம். வயிற்றுக்கு அவர் ‘பௌக்’ என்று சொல்லிக்கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வேற எப்படிச் சொல்லணும், நீயே சொல்லேன்” என்றார். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மிஸ் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். இவளுக்குத் தெரியும் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிறகுதான் அந்த அரையாண்டுத் தேர்வு.

பெற்றோரை அழைத்துவரச் சொல்லி டைரியில் எழுதி அனுப்பினார்கள். நைனாவிடம் காட்டப் பயம். அம்மாவுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்காது. சித்தியிடம் காட்டினேன். மறுநாள் டூட்டி முடிந்து, மதியம் இரண்டு மணிக்கு, நர்ஸ் உடுப்பிலேயே பள்ளிக்கு வந்தாள்.

தலைமை ஆசிரியை மேடத்தின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்மன் மிஸ் சுவரோரமாக நின்றார். மேடம் என் விடைத்தாளை ஒரு விரலால் சித்தியின் பக்கம் தள்ளினார்.

“திமிரப் பாருங்க. எழுத மாட்டாளாம்.”

சித்தி படித்தாள். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. “தெரியும்னு எழுதியிருக்கிறது நிஜம்தான் மேடம். நான் நர்ஸ். ஜெர்மன் படிக்கிறேன். இவகிட்டதான் பேசிப் பழகினேன். என்னவிட இவளுக்கு நல்லா வரும்.”

“ஆமா மேடம், அவளுக்குத் தெரியும்” என்றார் மிஸ் மெதுவாக.

மேடம் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. அதோட அருமை உங்களுக்கே தெரியும். நம்ம ஏரியாப் பசங்க நாலு நாடு போகணும்னுதான் நாங்க இவ்வளவும் பண்றோம். நீங்களே எடுத்துச் சொல்லுங்க.”

“போகணும்னு இவ சொன்னாளா மேடம்?”

“பன்னெண்டு வயசுக் குழந்தைக்கு என்னங்க தெரியும்? கணக்கு, சயின்ஸ் எல்லாம் கேட்டுட்டா வைக்கிறோம்?”

அது நல்ல கேள்விதான். இன்றைக்கும் நிறைய பேர் அதைத்தான் கேட்கிறார்கள். சித்தி கொஞ்சம் யோசித்தாள்.

“கணக்கு எங்க இருந்தாலும் வேணும் மேடம். இது அப்படி இல்ல. இது வேற ஊருக்குப் போறதுக்கு. நான் நாள் பூரா இதத்தான் படிக்கிறேன், எனக்குத் தெரியும். கனவுகூட இந்தப் பாஷையில வருது. ஆசையாப் படிச்சா நல்ல பாஷை மேடம். ஆனா போறியா, உனக்கு இஷ்டமான்னு ஒரு வார்த்த கேக்கணுமா இல்லியா? ஒருத்தர் வாயத் தொறந்து கேக்கணுமா இல்லியா?”

சித்தியின் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் உறவினர்கள் கத்தும்போதும் அவள் தணிந்துதான் பேசுவாள்.

மேடம் இறங்கி வந்தார். கெட்டவர் இல்லை அவர். “சரிங்க. பரீட்சையெல்லாம் வேணாம். இப்ப, இங்க, ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும். பாஸ் மார்க் போட்டுடறேன். விஷயம் இதோட முடிஞ்சிடும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வாக்கியம். என்னிடம் நூறு வாக்கியம் இருந்தது. வயிறு வலிக்கிறது, தலை சுற்றுகிறது, மூச்சை இழுத்து விடுங்கள், பயப்படாதீர்கள், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

சித்தி என் பக்கம் குனிந்தாள். “சொல்லணும்னு தோணுதா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“அப்ப வேணாம்.” நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள். “ஜீரோவே போட்டுக்குங்க மேடம். நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்.”

போட்டார்கள். ஆண்டுத் தேர்விலும் நான் அதையேதான் எழுதினேன். அதே கோடு, அதே ஸ்கேல். மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பை ஆவடியில், ஜெர்மன் மார்க்கைப் பார்க்காத ஓர் அரசுப் பள்ளியில் படித்தேன். டை கிடையாது, வேன் கிடையாது, நடைதான். நைனா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. “ஊரே புள்ளைய தூக்கி உட்டுகினு கீது, இது இறங்கி வருது” என்று அம்மாவிடம் சொல்லி மாய்ந்துபோனார். அவர் மனது நொந்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் எழுதியதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. இப்போது நசரத்பேட்டையில் ஒரு சரக்குக் கிடங்கில் கணினி வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுகிறவர்கள் என்னிடம் கேட்டால் இப்போதும் அதையேதான் சொல்கிறேன். உலகத்து மொழிகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். கதவை அகலத் திறந்து வையுங்கள். பிடரியில் கைவைத்து உள்ளே தள்ளாதீர்கள். மேல் வகுப்பைக் காட்டி மிரட்டாதீர்கள். ஜெர்மன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சித்தியின் மகன் போனில் ஜெர்மனில் பேசினால் நான் பதில் சொல்கிறேன். அவன் கேட்டுச் சிரிக்கிறான். அது நானாகச் சொல்வது.

ஆம், சித்தி அந்தக் கோடையிலேயே பரீட்சை பாஸ் செய்து போய்விட்டாள். ஏஜென்சிக்காரர் சொன்னது சரிதான், திரும்பி வரவில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது அந்த மதியத்தைப் பற்றி. மேடத்தின் அறையிலிருந்து வெளியே வந்து நாங்கள் சென்னீர்க்குப்பம் நிறுத்தத்தில் ஆவடி பஸ் ஏறினோம். வெயில் நேரம், பஸ் காலி. சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்கு நிலைகொள்ளவில்லை. மேடத்தின் மூஞ்சியைப் பார்த்தியா சித்தி, மிஸ்கூட நம்ம பக்கம்தான் சித்தி, ஜீரோ போட்டா போட்டுக்கட்டும் சித்தி என்று விடாமல் பேசினேன். நாம் ஜெயித்துவிட்டோம் என்றேன். அவள் ஊம் கொட்டிக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில் திடீரென்று கேட்டாள். “எழுத மாட்டேன்னு எழுதறப்ப உனக்குக் கை நடுங்கலியாடி?”

“இல்லியே. பேனாவ எடுத்தேன், எழுதிட்டேன். அவ்ளோதான்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

சித்தி சிரித்தாள். சிரித்தபடியே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ரோட்டில் லாரிகள் கிளப்பிய புழுதி கண்ணில் விழுந்துவிட்டது என்று நினைத்து, நான் எட்டி ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினேன். எனக்காக இவ்வளவு தூரம் வந்து சண்டை போட்டாளே என்று பெருமையாக இருந்தது. மேடத்திடம் அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை எங்கள் வீட்டில் நைனா, அம்மா, மாமா யாருமே அவளிடம் கேட்டதில்லை. நான் அவளுக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், எனக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. ஆவடி வரும்வரை என் ஜீரோவைப் பற்றியே பேசிக்கொண்டு போனேன்.