ஒரு தலை முடிக்கு இரண்டு வேண்டுதல்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு டைபாய்டு வந்தது. ஐம்பதுகளின் நடுவில் ஆலங்குடிப் பக்கத்தில் அதை விஷக்காய்ச்சல் என்றுதான் சொல்வோம். பிழைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் குறையவே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் போகும்போது ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “ஒனக்காக வேண்டிக்கிறேன்த்தா.”

கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி கிடந்ததில் ஒன்று புரிந்தது. சிலருக்கு அதன் பொருள், “பஸ்ஸுக்கு நேரமாச்சு.” சிலருக்கு, “என்னால் இதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.” இரண்டிலும் தப்பில்லை. காய்ச்சல்காரியிடம் வேறு என்னதான் சொல்வது?

ஆனால் சொன்னபடியே செய்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது. ஒருவர் பெரியம்மா, ஆத்தாளின் அக்கா. இன்னொருவர் அத்தை, அப்பாவின் அக்கா. கீரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வழி நெடுக அழுதுகொண்டே வந்தவர். காய்ச்சல் விட்டு நான் எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்ட வாரத்தில் இருவரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள்.

“புள்ள எந்திரிச்சா முடி எறக்குறேன்னு நார்த்தாமலை மாரிக்கு நேந்திருக்கேன்” என்றார் பெரியம்மா.

அத்தைக்கு முகம் மாறிவிட்டது. “அய்யய்யோ, நான் விராலிமலை முருகனுக்கில்ல அந்த முடியச் சொல்லியிருக்கேன்!”

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதேதான். தேங்காய் என் தலை. யாரும் தன் முடியை நேரவில்லை, தன் கழுத்துச் சங்கிலியை நேரவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு மறுபடி காய்ச்சல் வந்திருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை அது. எங்கள் வகுப்பில் எவளுக்கும் அப்படி இல்லை.

இன்று யோசித்தால் அவர்கள் மேல் கோபம் வரவில்லை. சாமியிடம் வெறுங்கையோடு கேட்கக் கூசுகிற சனம் நாங்கள். என்னிடம் இருந்ததில் ஒசந்தது எதுவோ அதை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே பொருள் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அதில் என்மேல் இருந்த பிரியம் பொய்யில்லை.

ஆனால் அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் பயம். நேர்ந்ததைச் செலுத்தாவிட்டால் சாமி குத்தம், விட்ட காய்ச்சல் திரும்பி வரும். எந்தச் சாமியை ஏமாற்றுவது? “முன்ன சொன்னது நான்” என்றார் பெரியம்மா. “முருகனுக்குக் காத்திருக்கத் தெரியாதா? முடி வளந்ததும் குடு” என்று அவரே வழியும் சொன்னார். அதுவரை பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று அத்தை கத்தினார். இதற்கிடையே, டைபாய்டு கண்டவர்களுக்கு ஆவதுபோல என் முடி சீப்போடு கொத்துக் கொத்தாக வந்தது. ஆத்தா மட்டும் சண்டைக்குள் வராமல் உதிர்ந்த முடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் நார்த்தாமலைக்குப் போனோம். என் சடை போயிற்று. நான் அழுதேன். பெரியம்மாவும் அழுதார். மறு வாரம் ஆத்தா என்னை விராலிமலைக்கு அழைத்துப் போனாள். அத்தையும் வந்திருந்தார். என் மொட்டையில் அரிசி அளவுகூட முடி முளைக்கவில்லை. எதைக் கொடுக்கப் போகிறோம் என்று விழித்துக்கொண்டு நின்றேன். ஆத்தா கொண்டையை அவிழ்த்துவிட்டு மொட்டை போடுகிறவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“நான் சொன்னது புள்ள முடியில்ல?” என்று அத்தை பதறினார்.

“பெத்தவ முடிங்க, மதினி. முருகன் வேணாம்னா சொல்லப் போறாரு?”

முடித்து, தலையில் சந்தனம் அப்பிக்கொண்டு, நாங்கள் இருவரும் மலைப்படியில் உட்கார்ந்தோம். அத்தை தேங்காய் வாங்கப் போயிருந்தார். ஆத்தாளைப் பார்க்க யாரோ போல இருந்தது. “நீ எந்தச் சாமிக்கு என்ன நேந்துக்கிட்ட?” என்று கேட்டேன். இன்னும் என்னென்ன மிச்சம் இருக்கிறதோ என்ற எரிச்சலில்தான் கேட்டேன்.

“நான் ஒண்ணும் நேந்துக்கலை” என்றாள். “ஒனக்கு முன்னாடி ஒரு அண்ணன் பொறந்தான். அவனுக்குச் சொகமில்லாதப்ப ஒரு சாமி விடாம வேண்டுனேன். தங்கலை. ஒனக்கும் கேட்டு, இல்லைன்னுட்டா நான் என்ன செய்வேன்? அதான் வாயவே தொறக்கலை. ஈரத்துணிய மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருந்தேன்.”

நான் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். படியேறி வந்த பெரியவர் ஒருவர் இரண்டு மொட்டைகளையும் பார்த்துவிட்டு நின்றார். “என்னாத்தா, வீட்ல எதுவும் தப்பாயிருச்சா?”

“இல்லைங்க. எம் மக பொழச்சுக்கிட்டா” என்றாள் ஆத்தா. சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான் படுத்துக் கிடந்த நாளெல்லாம் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை.