பிரசன்ட் சார்

அவனுக்கு மோட்டார் என்று பெயர் வைத்தவன் நான்தான். பேச வாயெடுத்தால் முதல் எழுத்திலேயே நின்று உறுமுவான், லேசில் கிளம்பமாட்டான். வேதியியல் ஆய்வகத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. என் பியூரெட்டையும் சேர்த்துக் கழுவி வைப்பான். என் அளவுகள் கண்டபடி வந்தால் வாய் திறக்காமல் மறுபடி செய்து தருவான். அவன் அப்பா பேருந்து ஓட்டுநர். அவருடைய முதல் வண்டியிலேயே வந்து, வகுப்பைத் திறக்கும் வரை மாடிப்படியில் உட்கார்ந்து படிப்பான். அவனுக்குத்தான் வருகைப் பதிவு குறைந்தது.

வேதியியல் சார் வருகை எண்களை மூச்சு விடாமல் வாசிப்பார். நாற்பத்தொன்று என்றதும் இவன் "பி... பி..." என்று தொடங்குவான். அதற்குள் அவர் நாற்பத்தைந்தில் இருப்பார். கண்ணெதிரே இருந்தும் ஆப்சென்ட். ஒருநாள் கொழுப்பெடுத்துப் போய், கடைசி வரிசையிலிருந்து அவனைப் போலவே "பி-பி-பிரசன்ட் சார்" என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சாரும் சிரித்துக்கொண்டே அவனுக்கு வருகை போட்டார். பிறகு அதுவே என் தினசரி வேலையாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே இருபது நாட்கள் போயிருந்தன.

தேர்வு எழுத முடியாதவர்கள் பட்டியலில் அவன் பெயர் வந்தது. வகுப்பில் இருந்தும் ஆப்சென்ட் போடுகிறார்கள், பேச்சைக் கேலி செய்கிறார்கள் என்று புகார் எழுதிக் கொடுத்தான். சாட்சியாக என் பெயரைப் போட்டிருந்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவம், நான் உதவுவதாக நினைத்துவிட்டான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

விசாரணை அறையில் துறைத் தலைவர் மேடத்துக்குப் பக்கத்தில் சார் உட்கார்ந்திருந்தார். என் செய்முறை மதிப்பெண் அவர் கையில். அவனுக்காக எப்படிக் குரல் கொடுப்பாய், சொல்லிக் காட்டு என்றார் மேடம்.

"பிரசன்ட் சார்னு சொல்லுவேன் மேடம்," என்றேன், திக்காமல் திணறாமல். கேலி செய்வார்களா என்று கேட்டார். "அப்படியெல்லாம் யாரும் பண்றதில்ல மேடம்."

கேலியே இல்லாத வகுப்பில் வாய் திறக்க என்ன கஷ்டம் என்று புகாரை மூடிவிட்டார்கள். அவனுக்கு ஒரு வருடம் போயிற்று.

வராந்தாவில் நான் ஏதோ சாக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். அவன் பேசி முடிக்கும் வரை நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"நீ அ-அ-அப்படியாடா சொல்லுவ? நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீ செஞ்சு காட்டினா கேப்பாங்கன்னுதான் உ-உன் பேரை எழுதினேன்."

அவனுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

மறுவருடம், அவன் மறுபடி உட்கார்ந்திருந்த ஜூனியர்களின் வகுப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே வருகை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எண்கள் ஓடின, நடுவில் ஒரு "பி... பி..." கேட்டது. உடனே பின்வரிசையிலிருந்து வேறு யாரோ "பி-பி-பிரசன்ட் சார்" என்றான். சிரிப்பு. கதவு திறந்துதான் இருந்தது. நான் நிற்காமல் நடந்தேன்.