மாதுளம்பூத் தட்டு

பிள்ளை பிறக்காவிட்டால் குறை மருமகளிடம்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது?

தாட்சாயினி ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு துருக்கிப் பட்டறையில் பன்னிரண்டு வருடங்களாகப் பீங்கான் தட்டுகளில் பூ வரைகிறாள். துலிப் இறைவனுக்கு, கார்னேஷன் புதுவாழ்வுக்கு, மாதுளம்பூ பிள்ளைச் செல்வத்துக்கு என்று வாங்குபவர்களுக்கு விளக்குவதும் அவள்தான்.

புறநகர் கர்க்லாண்டில், தன்னிடம் தட்டு வாங்கிய புஷ்பராணி வீட்டு விருந்துக்குப் போனவள் திடுக்கிட்டு நின்றாள். தான் வரைந்து விற்ற அந்த மாதுளம்பூத் தட்டில் புஷ்பராணியின் மருமகள் பிரஷாந்தினி புளிக்குழம்பும் சோறும் தின்றுகொண்டிருந்தாள். மற்ற எல்லோருக்கும் சாதாரணத் தட்டு.

“அன்ரி, இது சுவரில கொழுவுற தட்டெல்லோ! மேற்பூச்சில ஈயம் கிடக்கு. புளி பட்டா சாப்பாட்டுக்குள்ள இறங்கும்!”

“நீர்தானே பிள்ளை வரம் தாற பூ எண்டு சொன்னனீர்? ஒரு வருசமா இதிலதான் குடுக்கிறன்.”

விற்கும்போது பூவின் பொருளைச் சொன்ன தாட்சாயினி பூச்சைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. ஈயம் கருவையே கெடுக்கும்.

“உங்கட மகன் டொக்டரிட்டப் போனவரோ?”

“அவனுக்கென்ன குறை? ஆம்பிளை!”

தாட்சாயினி தட்டைச் சோற்றோடு பறித்தாள். “எழும்பும் பிரஷா, நாளைக்கே இரத்தம் சோதிப்பம்.”

உங்கள் வீட்டிலும் அலங்காரத் தட்டில் மருமகள் சாப்பிட்டால், இன்றே அதைப் பிடுங்குங்கள். அவளை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்; மகனையும் சேர்த்து இழுத்துப்போங்கள்.