இஸ்திரிக்கடை பையா

வடாலாவில் ஆறு வருடமாக என் சட்டைகளுக்கு இஸ்திரி போடுபவரை 'பையா', அதாவது இந்தியில் அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். பேச்செல்லாம் இந்திதான்.

இன்று துணி சுற்ற எடுத்த தமிழ்ப் பேப்பரை அவர் வாய்விட்டுப் படித்தார்.

"அண்ணாச்சி, நீங்க தமிழா?"

"ஆமா, சங்கரன்கோவில் பக்கம். வந்த புதுசுல பை களவு போச்சு, வீட்டு நம்பரும் போச்சு. பெறகு வெறுங்கையோட ஊருக்குப் போக வெக்கமா இருந்துச்சு."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?"

"நீங்க இந்தில பேசுனீங்க, நானும் பேசுனேன்."

எனக்கும் அந்தப் பக்கம்தான். அவர் படத்தை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் நான்கு வருடப் பழைய 'காணவில்லை' அறிவிப்பைத் தேடியெடுத்தார். அதே முகம், கீழே தங்கையின் நம்பர். வீடியோ காலில் அந்தம்மா அழுதார். இவர் இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றார்.

அந்த அறிவிப்பை அன்று குழுவில் ஃபார்வர்ட் செய்தவன் நான்தான். படத்தைப் பார்க்கவேயில்லை. கைகூப்பும் எமோஜி மட்டும் போட்டிருக்கிறேன்.

தயவுசெய்து இந்தப் பதிவுக்குக் கீழே யாரும் அதைப் போடாதீர்கள்.