கேட்காமல் போட்ட டிக்

ஸ்ஃபாக்ஸ் நகரில் திருமணப் பத்திரம் எழுதும் நோட்டரி கமீஸின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை என்றால் மோஞ்சியாதான். பழைய திருமணப் பத்திரத்தின் மேலேயே பெயரை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருமுறை வேறொரு மணமகளின் பெயர் சபையில் வாசிக்கப்பட்டுவிட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் கமீஸ் புதிய மென்பொருள் வாங்கினார். மாதிரிப் பத்திரத்தை அதில் ஏற்றும் வேலை மோஞ்சியாவிடம் வந்தது.

அவள் அதை ரசித்துச் செய்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில்களை வரிசையாக வைத்தாள். மணமகளுக்கு முதல் திருமணமா, விதவையா, விவாகரத்தானவளா என்பதில் ஒன்றைத்தான் தொட முடியும். இருவரும் விதிக்கும் நிபந்தனைகளில் எத்தனையை வேண்டுமானாலும் தொடலாம். தொட்டதற்குரிய பத்தி பத்திரத்தில் வந்து உட்காரும், மற்றவை மறையும். கல்யாணத்துக்குப் பின் வாங்கும் வீடு இருவருக்கும் பொதுவா, அவரவருக்குத் தனியா என்ற கேள்விக்கு எந்தப் பதிலையும் குறிக்காமல் காலியாக விட்டாள். ஏதாவதொன்றைத் தொடாமல் பத்திரம் அச்சாகாது.

அந்தக் கேள்வியைக் கேட்டாலே பெரியவர்களின் முகம் கறுத்தது. "இன்னும் மோதிரமே போடல, அதுக்குள்ள வீட்டைப் பங்கு போடுறீங்களா?" என்று ஒரு மாப்பிள்ளையின் அம்மா எழுந்தே போய்விட்டாள்.

கமீஸ் சலித்துக்கொண்டார். "முக்காவாசிப் பேரு தனித்தனின்னுதான் சொல்றாங்க. நீயே அதைப் போட்டு வச்சிடும்மா. வேணாங்கிறவங்க சொல்லட்டும்."

"கேக்காம எப்படிங்க ஐயா சொல்லுவாங்க?"

"வாசிக்கிறப்போ காதுல விழும்ல?"

மோஞ்சியா 'தனித்தனி'யில் முன்கூட்டியே டிக் விழும்படி அமைத்தாள். கையெழுத்துச் சடங்குகள் சண்டையில்லாமல் முடிந்தன. கமீஸ் பாராட்டினார். கேள்வி கேட்பதே நாளடைவில் நின்றுபோனது.

அவளுடன் படித்த தலெந்தாவின் கல்யாணப் பத்திரமும் அங்கேதான் தயாரானது. மோஞ்சியாவே அச்செடுத்தாள். கமீஸ் கடகடவென்று வாசித்தார். சபை ஃபாத்திஹா ஓதியது. தலெந்தா கையெழுத்திட்டதும் முதல் குலவை மோஞ்சியாவுடையது.

மருந்துக்கடையில் வேலை பார்த்த தலெந்தா, தன் சம்பளத்தையெல்லாம் கடற்கரைச் சாலையில் எழும்பிய வீட்டில் போட்டாள். மனை கணவன் நோமான் பெயரில் இருந்தது. சில ஆண்டுகளில் அவன் விவாகரத்துக் கேட்டான். வக்கீல் சொல்லி, பத்திரத்தின் நகல் வாங்க அவள் அலுவலகத்துக்கு வந்தாள். வாங்கியவள் நின்றபடியே படித்தாள்.

"மோஞ்சியா, தனித்தனின்னு இருக்கே. நான் எப்படி இதைச் சொன்னேன்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஞாபகமில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். மோஞ்சியா பத்திரத்தின் அந்த வரியில் விரலை வைத்தாள். "நீ சொல்லலடி. நான்தான் போட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் விழும்," என்றாள்.

தலெந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கேட்டிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அப்போ அவன்மேல அவ்வளவு நம்பிக்கை. ஆனா நீ கேட்டிருக்கணும்டி. யாரோ ஒருத்தின்னா விட்டிருக்கலாம்... எங்கிட்டயாவது கேட்டிருக்கக் கூடாதா?"

"கோர்ட்டுல வந்து சொல்றேன். வேலை போனாலும் போகட்டும்."

சொன்னபடியே போனாள். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். ஆனால் பத்திரம் சபையில் வாசிக்கப்பட்டிருந்தது, கையெழுத்தும் தலெந்தாவுடையது. வீடு நோமானுக்கே போயிற்று. தலெந்தா தன் அண்ணன் வீட்டு மாடியறைக்குக் குடிபெயர்ந்தாள்.

மறுநாளே மோஞ்சியா அந்த டிக்கை எடுத்தாள். "மறுபடியும் ரகளைதான்," என்று கத்திய கமீஸிடம், "நடக்கட்டும் ஐயா. கேக்காம இனிமே பத்திரம் வராது," என்றாள். கோர்ட்டில் பட்ட தலைகுனிவு அவருக்கும் இருந்தது, முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார். அடுத்து வந்த மணமகளிடம் மோஞ்சியா நிறுத்தி நிதானமாக இரண்டையும் விளக்கினாள். அந்தப் பெண் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, "தனித்தனியே இருக்கட்டும் அக்கா, இதுல என்ன இருக்கு," என்றாள். மோஞ்சியா அதைத் தொட்டாள். தொட்ட விரல் வெகுநேரம் மவுஸிலேயே கிடந்தது.

பெருநாளன்று அவள் தலெந்தாவுக்கு ஒரு தட்டு நிறைய மக்ரூத் கொடுத்தனுப்பினாள். பலகாரம் வந்த தட்டை எங்கள் ஊரில் யாரும் வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். தலெந்தா கழுவித் துடைத்து, வெறும் தட்டாக அனுப்பியிருந்தாள்.