மேரிகிறேஸின் பத்தியம்

"இரத்தத்தில் அந்த மருந்தின் சுவடே இல்லை" என்று டொக்டர் சொன்னபோது அந்தோனிதாசனுக்குக் கோபம்தான் வந்தது. வேறு யாருடையதோ பரிசோதனை முடிவைப் பார்த்துக் கதைக்கிறார் என்று நினைத்தார். மனைவி மேரிகிறேஸின் குளிசைகளை மருந்துக்கடையில் வாங்கி அவள் கையில் கொடுப்பவர் அவர்தான். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அவளுக்குப் பெருங்குடலில் புண். தணிந்தும் கிளம்பியும் ஆண்டுக்கணக்காக இழுத்த வருத்தம். கிளம்பினால் இரத்தம் போகும். சில்க்போர்க் முதியோர் இல்லத்தில் பகலெல்லாம் மற்றவர்களைக் கழுவித் துடைத்துவிடுபவள், தன் வயிற்றைப் பற்றி வெளியே மூச்சு விடமாட்டாள். கலியாண வீட்டுக்குப் போனால் பொம்பிளையைப் பார்க்கமுதல் கழிப்பறையைப் பார்த்து வைப்பாள்.

"டென்மார்க்கில உள்ள மண்டபம் எல்லாத்திலயும் எனக்கு ஒரு கதவு தெரியும்" என்று அவர் காதுக்குள் சொல்லிச் சிரிப்பாள்.

சீன வைத்தியம் செய்யும் லின்னிடம் போனபின் நிலைமை மாறியது. லின் ஊசி குத்தினாள், கசப்புத் தூள் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக் குளிசையோடு அதுவும் சேர, வயிறு அடங்கியது. நத்தார்ப் பண்டிகைக்கு மேரிகிறேஸ் ஆட்டிறைச்சிக் கறியை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள்.

"உமக்குத் தீனி போட நான் இன்னொரு வேலை தேடோணும்."

"சீனாக்காரியிட்டைப் போய்ச் சண்டை பிடியுங்கோ. அவதான் பசியைத் தந்தவ."

தவக்காலத்தில் இறைச்சியோடு மீனையும் கத்தரிக்காயையும் விட்டாள். நேர்த்திக்கடனாக்கும் என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார். ஈஸ்டர் கழிந்து ஒரு காலை, குளியலறையில் இரத்தத்துக்குள் கிடந்தாள்.

டொக்டரோடு கோபித்துக்கொண்டு, அவளுடைய மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தவர் அலுமாரியைத் திறந்தார். சேலைகளுக்குக் கீழே குளிசைப் பெட்டிகள். அவர் வாங்கிக் கொடுத்தவை. ஒன்றின் ஒட்டும் உடைபடவில்லை.

பெட்டிகளை அள்ளிக்கொண்டு நேரே லின்னிடம் போனார். "நீதானே நிறுத்தச் சொன்னாய்?" டெனிஷ் மொழியில் கத்தினார். லின் பெட்டிகளைப் புரட்டிப் பார்த்தாள்.

"என்னுடைய தூள் துணைக்குத்தான், குளிசையை விடாதே என்று வரும்போதெல்லாம் சொன்னேன். 'யா, யா' என்று தலையாட்டினாளே!"

சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகமுதல் மேரிகிறேஸ் கண் விழித்தாள்.

"ஏனப்பா குளிசையை விட்டனீர்?"

"இஞ்சேருங்கோ, சீனாக்காரியின்ர தூளும் நாட்டு மருந்துதானே, அது எடுக்கேக்கை இங்கிலிஸ் மருந்து குடிச்சா முறிச்சுப் போடுமெல்லே? பத்தியம் காத்தா முழுசா மாறும் எண்டு நினைச்சன்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"ஏசுவியள். மாறினாப் பிறகு பெட்டியளைக் காட்டிச் சிரிப்பம் எண்டுதான் எறியாமல் வைச்சனான்."

குடல் ஏற்கெனவே ஓட்டையாகியிருந்தது. அவள் திரும்பி வரவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். லின்னும் வந்திருந்தாள். வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், கையில் பூக்களோடு, உள்ளே வரத் தயங்கி நின்றாள். மேரிகிறேஸுடன் கோயில் பாட்டுக்குழுவில் பாடிய கிளோறியா குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணை, இவளின்ர தூள்தான் எங்கட மேரிகிறேஸைச் சாக்காட்டினது. பொலிசுக்குக் குடுங்கோ."

அந்தோனிதாசன் ஓம் என்று தலையசைத்திருந்தால் போதும். மேரிகிறேஸ் மறைத்தது மறைந்தே இருந்திருக்கும். பூக்களோடு வாசலில் நின்றவளை அவர் பார்த்தார்.

"இல்லைப் பிள்ளை. அவ ஆஸ்பத்திரிக் குளிசையை விட்டிட்டா. எனக்கும் தெரியாது, வாசல்ல நிக்கிற இந்த மனிசிக்கும் தெரியாது. ரெண்டும் ஒண்டையொண்டு முறிக்கும் எண்டு, பத்தியம் காத்தவ."

கிளோறியா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள்.

"அண்ணை..." என்றாள். "வெந்தயத் தண்ணி குடிக்கத் தொடங்கி, நானும் சீனி வருத்தக் குளிசையை விட்டிட்டன்."

"புருசனுக்குத் தெரியுமோ?"

இல்லையென்று தலையாட்டினாள்.

அந்தோனிதாசன் எழுந்து கார்ச் சாவியை எடுத்தார். "எழும்புங்கோ. இப்பவே உங்கட வீட்டை போய், அவருக்கு முன்னாலை சொல்லுவம்."